காரணத்துடன் வரவில்லை

அன்றைய கூட்டத்தில் என் மனைவி ஏழாவது பொருள். ஆறாவது, மன்ற வளாகத்தில் திரியும் பூனைகள்.

உலு கெனாரி மாவட்ட மன்றம் ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழக்கிழமை கூடும். ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம். கட்டடம் பெரியது. வாசலில் நீரூற்று உண்டு, தண்ணீர் வருவதில்லை. அது மூன்றாவது பொருள்.

புகார் கொடுத்தபோது ஷர்மினி உயிரோடு இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மன்றத்தில் இது கொஞ்சம் குழம்பிப்போனது.

கெனாரி தோட்டத்துக்குப் போகும் சாலையில் மூணாங்கட்டை வளைவு இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் தோட்ட நிர்வாகம் அங்கே ஒரு கம்பம் நட்டு விளக்குப் போட்டது. பிறகு தோட்டத்தை விற்றார்கள். ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். ஆட்கள் ஈப்போ பக்கம் போனார்கள். கம்பம் சாய்ந்தது, விளக்கும் போனது. பழைய தொழிலாளர் லயத்தில் பத்துக் குடும்பங்கள் மிச்சம். அதில் ஒன்று நாங்கள்.

ஷர்மினிக்கு குனோங் ராபாட்டில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. மோட்டாரில் போய்விட்டு இருட்டியபின் திரும்புவாள். ஒரு நாள் லீவு போட்டு மன்றத்துக்குப் போய், வளைவில் விளக்கு வேண்டும் என்று புகார் கொடுத்தாள். "நல்லாப் பேசினாங்க. உக்காரச் சொன்னாங்க" என்றாள். அவளுக்கு அதுவே ஆச்சரியம்.

கொஞ்ச நாளில், ஒரு மழைச் சாயங்காலம், லோரியிலிருந்து விழுந்துகிடந்த செம்பனைக் குலையில் அவள் மோட்டார் ஏறியது. அதே வளைவு.

கருமக்கிரியை முடிந்த மறுநாள் அவளுடைய கைப்பேசியில் செய்தி வந்தது.

"மதிப்பிற்குரிய புவான் ஷர்மினி, உங்கள் புகாரில் நாங்கள் தீவிர அக்கறை கொண்டுள்ளோம். புகார்தாரர் பங்கேற்புத் திட்டத்தின்கீழ் மன்றக் கூட்டத்துக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம். சிற்றுண்டி வழங்கப்படும்."

நான் போனேன். முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் சரளா என்று பெயர் குத்திய ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இந்தப் புகார் கொடுத்தது என் வைஃப். இறந்துட்டாங்க."

"ஐயோ தம்பி." எழுந்தே விட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத மேல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"சொல்லாதீங்க லா. புகார் கொடுத்த ஆளு இல்லன்னா புகாரும் பத்தால், கேன்சல் ஆயிரும். நீங்க புதுசாப் போடணும். புதுசெல்லாம் இவங்க எடுக்கறதுக்கு ரெண்டு மூணு வருசம் ஆகும்."

"அப்ப என்ன சொல்றது?"

"வர முடியலன்னு சொல்லுங்க. அது பொய்யா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை.

கூட்டம் தொடங்கியது. செயலாளர் பெயர் கூப்பிட்டார். என் தாத்தா காலத்தில் விடியுமுன் பிரட்டுக் களத்தில் இப்படித்தான் பெயர் கூப்பிடுவார்களாம். வராதவனுக்கு அன்று கூலி கிடையாது. மன்றத்தில் வராதவர்களுக்கும் படி உண்டு. அதனால் வராதவர்களே அதிகம்.

"புவான் ஷர்மினி?"

"வர முடியவில்லை" என்றேன்.

"காரணத்துடனா, காரணமின்றியா?"

"காரணத்துடன்."

செயலாளர் எழுதிக்கொண்டார். மரியாதையாகத்தான் எழுதினார்.

மன்றத்தில் எல்லாரும் மலாயில் பேசுவார்கள். நான் தமிழில் தருகிறேன். மலாயில் இன்னும் நன்றாக இருக்கும். முதல் பொருள், போன கூட்டம் நடந்தது உண்மைதான் என்று உறுதிசெய்வது. உறுதிசெய்தார்கள். இரண்டாவது, தலைவர் டத்தோவுக்குப் பாராட்டு. போன மாதமும் அவரைப் பாராட்டியதற்காக அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியைப் பாராட்டி ஒருவர் முன்மொழிந்தார். நீரூற்றுக்குத் தண்ணீர் விடுவதற்குப் பதிலாக இரவில் நீல வெளிச்சம் போடுவது என்று முடிவானது. ஆறு விளக்குகள். உடனடியாக.

பூனைகளுக்கு நாற்பது நிமிடம். அவற்றை எண்ண மூவர் குழு அமைத்தார்கள்.

பிறகு என் மனைவி.

பொறியாளர் ஹாபிஸ் எழுந்தார். இளைஞர், சட்டைப்பையில் நான்கு பேனா.

"டத்தோ, விளக்கு வேண்டுமென்றால் கம்பம் வேண்டும். கம்பம் தோட்டத்துடையது. தோட்டம் இப்போது இல்லை. எனவே கம்பம் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது."

"கம்பம் இருக்கிறது. சாய்ந்து நிற்கிறது" என்றேன்.

"நிற்பது வேறு, பதிவில் இருப்பது வேறு" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

கவுன்சிலர் சதாசிவம் கையைத் தூக்கினார். எங்கள் வட்டாரத்து உறுப்பினர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம். "டத்தோ, தோட்டத்து இந்தியர்களின் இருட்டை நான் நீண்டகாலமாகக் கவனித்து வருகிறேன்" என்றார். "இந்த இருட்டு இருக்கும்வரை நான் இந்தப் பதவியை விடமாட்டேன்."

மேசையைத் தட்டினார்கள். பொருள் ஏழு, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

வெளியே கரிபாப்பும் தேநீரும். சதாசிவம் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, உங்கள எங்கயோ பாத்திருக்கேனே."

பார்த்திருக்கிறார். ஷர்மினியின் சாவு வீட்டுக்கு வந்து மாலை வைத்தார். என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவருடைய முகநூலில் இன்னும் இருக்கிறது.

"தோட்டத்துல பாத்திருப்பீங்கண்ணே."

"தங்கச்சி ஏன் வரல? பொம்பளப் புள்ளைங்க முன்னுக்கு வரணும் தம்பி. வீட்டுலயே வச்சிருக்காதீங்க."

"சொல்றேண்ணே."

அடுத்த மாதம் வளைவைப் பார்வையிட வந்தார்கள். காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். மாலை ஐந்துக்குமேல் வேலை செய்தால் மேல்நேரப் படி கொடுக்கவேண்டும், அதற்கு ஒதுக்கீடு இல்லை. ஹாபிஸ் வெளிச்சத்தை அளக்கும் கருவியைச் சாலை நடுவில் வைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாரும் குடை பிடித்துக்கொண்டார்கள்.

"வெளிச்சம் தேவைக்கு மேல் இருக்கிறது" என்று எழுதினார்.

"இரவில் பார்க்கவேண்டும்" என்றேன்.

அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கருவி மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். "இரவில் வந்தால் எதையும் பார்க்க முடியாதே" என்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் விளக்கு தேவையில்லை என்று முடிவாக இருந்தது. சதாசிவம் வெளிநடப்புச் செய்தார். தேநீர் நேரமானதால் மற்றவர்களும் சேர்ந்து வெளிநடப்புச் செய்தார்கள். அதனால் முடிவு எடுக்க ஆள் இல்லை. பொருள் உயிரோடு இருந்தது.

பிறகு ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். "இருண்ட பகுதி. கவனம்." கறுப்புப் பலகையில் கருநீல எழுத்து, மன்றத்தின் அதிகாரபூர்வ நிறம் அது. இரவில் படிக்க முடியவில்லை என்று கூட்டத்தில் சொன்னேன்.

"பகலில் படித்து மனத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்றார் தலைவர்.

அதற்கடுத்து, சாலை விளக்குகளைப் பற்றிக் கற்றுவர ஒன்பது பேர் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார்கள். குடும்பத்தோடு போனார்கள். திரும்பி வந்து தலைவர் படங்கள் காட்டினார். "விளக்கு என்பது வெறும் வெளிச்சம் மட்டும் அல்ல. அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம்" என்றார். எல்லாப் படத்திலும் விளக்கின் கீழே அவர்தான் நின்றார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பெயர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்தேன்.

"காரணத்துடன் வரவில்லை."

செயலாளரிடம் ஒருமுறை கேட்டேன், இப்படி எத்தனை தடவை வராமல் இருக்கலாம் என்று. காரணமின்றி மூன்று முறை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். காரணத்துடன் என்றால் கணக்கே இல்லை. "எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வராமல் இருக்கலாம்" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டாரை ஓரம் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வங்கியில் அவள் கணக்கை மூடிவிட்டார்கள். கிளினிக்கில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று. மற்ற எல்லா இடத்திலும் என் மனைவி இறந்துவிட்டாள். மன்றத்தில் மட்டும் அவள் வரவில்லை. அவ்வளவுதான்.

அவளுடைய கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டு வைத்தேன். மன்றத்திலிருந்து மட்டும் செய்தி வரும். புவான் ஷர்மினி, உங்களுக்கு இனிய தீபாவளி. புவான் ஷர்மினி, குப்பை எடுக்கும் நாள் மாற்றப்பட்டுள்ளது.

வருடக் கடைசியில் அவளுக்கு விருது கிடைத்தது. அக்கறையுள்ள குடியிருப்பாளர். எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் காரணம் அனுப்பிய ஒரே ஆள் என்பதைத் தலைவர் தம் பேச்சில் குறிப்பிட்டார். அதே மேடையில் அவளைச் சாலைப் பாதுகாப்புத் துணைக்குழுவில் உறுப்பினராக நியமித்தார்கள். ஏகமனதாக. உலு கெனாரி வரலாற்றிலேயே முதல் இந்தியப் பெண் என்று சதாசிவம் பேசினார். அதற்கு யார் காரணம் என்பதையும் பேசினார். கேடயத்தை நான் வாங்கினேன். வீட்டில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலை அதன் மேலும் கொஞ்சம் படுகிறது.

கலாதேவி பார்த்தாள். ஷர்மினியின் தங்கை. நான்கு வீடு தள்ளி, அம்மாவோடு இருக்கிறாள்.

"இது என்ன மாமா?"

"மன்றத்துல கொடுத்தாங்க."

"செத்ததுக்கா?"

கேடயத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். இறந்தவர்களுக்கும் விருது கொடுப்பார்கள் போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மன்றத்தைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது.

கலாவுக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்கு விடுவார்கள். அவளும் அந்த வளைவில்தான் வரவேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் கதவைத் தட்டினாள். முழங்கையிலிருந்து ரத்தம். ஹெல்மெட்டில் சேறு.

"குலையா?" என்றேன்.

"மட்ட. ரோட்டுல கெடந்துச்சு. ஒன்னுமில்ல மாமா, வழுக்கிருச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

டெட்டால் போட்டுக் கழுவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது அவள் அக்கா ஜாடை.

"வேற வேல பாரேன் கலா."

"பாத்தா மட்டும்? எந்த வேலைக்குப் போனாலும் இந்த ரோட்டுலதானே போகணும். வேற ரோடு இருக்கா?" பிறகு, "அந்த லைட்டு என்னாச்சு மாமா? போய்ப் போய் வரீங்களே" என்றாள்.

மறுநாள் சரளா அக்காவிடம் போனேன். "உண்மையைச் சொல்லிடப் போறேங்க்கா."

"இப்பவா? அட பாவமே, இந்த மாசம் ஓகே ஆகப் போவுது தம்பி. போன வருசக் காசு மிச்சம் இருக்கு. மார்ச்சுக்குள்ள முடிக்கலன்னா திரும்பிப் போயிரும். வாய மூடிக்கிட்டு இருங்க."

சரளா அக்கா சொன்னது போலவே நடந்தது. பூனைக் குழுவின் அறிக்கை வந்த அதே நாளில் விளக்கு தீர்மானம் ஆனது. அறிக்கையில் மூன்று உறுப்பினர்களும் மூன்று எண்ணிக்கை கொடுத்திருந்தார்கள். மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். புதிய கம்பம், புதிய விளக்கு. ஒரே நிபந்தனை. பொத்தானை அழுத்தி விளக்கைத் தொடங்கி வைப்பதும், திருப்தி என்று கையெழுத்திடுவதும் புகார்தாரர் நேரில் செய்யவேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. மின் இணைப்பும் கிடையாது.

"இந்த முறை காரணம் ஏற்கப்படாது" என்றார் தலைவர், சிரித்துக்கொண்டே. "ஓராண்டாக நம்மை வழிநடத்திய பெண்மணியை நாம் பார்க்கவேண்டாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

திறப்பு விழா மாலை ஏழு மணிக்கு. வளைவுக்குப் பக்கத்தில் பந்தல். கொம்பாங் அடிக்க ஒரு குழு, உருமி அடிக்க ஒரு குழு. கூட்டத்துக்கு ஆட்களை மன்றமே மூன்று பேருந்துகளில் பாரிட் புந்தார் பக்கமிருந்து கொண்டுவந்தது. எங்கள் லயத்து ஆட்களைப் பாதுகாப்புக்காகக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். மேடையில் வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர். அது ஓடிய வரையில் வளைவு பகல் போல இருந்தது.

நான் ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். மலாயில். சிறிய வாக்கியம். பெயர் கூப்பிட்டதும் எழுந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். விளக்கு போனால் போகட்டும். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம். அதுவரை கலாவை நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன்.

தலைவர் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், ஒரு விளக்குக்கு இவ்வளவு நேரமா என்று. நான் கேட்கிறேன், இருட்டு எவ்வளவு காலமாக இருக்கிறது? அதை யாரும் கேட்பதில்லை." கைதட்டல். சதாசிவம் பேசினார். இந்தச் சாலையில் தாமே ஒருமுறை காரில் வந்ததாகவும், அன்றே மனம் உடைந்துபோனதாகவும் சொன்னார். ஹாபிஸ் பேசவில்லை. கம்பத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

ஏழரை தாண்டியது. இருட்டிவிட்டது. விளக்கின் அருமை தெரியவேண்டும் என்று ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மைக்குக்கு மட்டும் பேட்டரி.

"புவான் ஷர்மினி அவர்களே" என்றார் தலைவர். "மேடைக்கு வாருங்கள்."

கயிற்றுக்குப் பின்னால் முத்தம்மா அக்கா "முருகா" என்றது கேட்டது.

நான் எழுந்தேன். வாக்கியம் வாயில் இருந்தது.

"உட்காருங்கள், என்சிக்" என்றார் தலைவர். "இன்று நீங்கள் பேசக்கூடாது. அவர் வரட்டும். நாம் காத்திருப்போம்." மறுபடி கூப்பிட்டார். "புவான் ஷர்மினி!" ஒலிபெருக்கியில் பெயர் செம்பனைக்குள் போய்த் திரும்பி வந்தது. சதாசிவம் மைக்கை வாங்கித் தமிழில் கூப்பிட்டார். "தங்கச்சி ஷர்மினி! எங்கம்மா இருக்க? எல்லாரும் ஒனக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். வாம்மா!"

கூட்டம் முழுவதும் திரும்பிச் சாலையைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

தூரத்தில் மோட்டார் வெளிச்சம் ஒன்று வளைந்து வந்தது.

"வந்துட்டாங்க!" யாரோ கத்தினார்கள். உருமி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கலா. சீருடையில் இருந்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். நான் ஓடிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, யாரு அக்காவக் கூப்புடுறது?"

மைக் சத்தம் தூரத்திலேயே அவளுக்குக் கேட்டிருக்கிறது. இருட்டில், அந்த வளைவை நோக்கி, அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறாள்.

"அவ வந்தாத்தான் லைட்டு எரியுமாம்" என்றேன்.

"அவ இல்லன்னு சொல்லலியா?"

"இல்ல."

"இத்தன நாளா?"

"சொன்னா லைட்டு கிடைக்காது கலா. மொதல்ல அதுக்குத்தான் சொல்லல. அப்புறம்..."

கலா என்னைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். மேடைக்குப் போனாள்.

"இவ்வளவு தாமதமா?" என்றார் தலைவர், செல்லமாக.

"வேலை, டத்தோ" என்றாள் மலாயில்.

"பாத்தீங்களா, உழைக்கிற பொண்ணு" என்றார் சதாசிவம். சாவு வீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் இவள். "இங்க கையெழுத்துப் போடும்மா. திருப்தின்னு இருக்குல்ல, அங்க."

கலா குனிந்தாள். டார்ச் அடித்துக் காட்டினார்கள். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுதினாள். ஷர்மினியின் பெயரை முழுவதும் எழுதினாள், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக.

பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது. நல்ல விளக்கு. வெள்ளை வெளிச்சம். கால்வாய், புல், தார், சாலையோரச் சரளைக்கல் எல்லாம் தெரிந்தது. அந்த இடத்தை நான் அதற்குமுன் நின்று பார்த்ததில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடந்துவிடுவேன். இப்போது பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சாலை.

"சிரிம்மா" என்றார் சதாசிவம், கேமராவுக்காக. கலா சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேருந்துகள் கிளம்பின. பந்தலைப் பிரித்தார்கள். கலா என்னிடம் வந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு மோட்டாரை எடுத்தாள். வளைவு முடியும்வரை அவள் முதுகு தெளிவாகத் தெரிந்தது.

செயலாளர் கோப்பைக் கட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். நல்ல மனிதர். மற்றவர்கள் போனபின்னும் என்னிடம் சொல்லிவிட்டுப் போக நின்றிருக்கிறார்.

"புகாரை மூடிவிட்டோம், என்சிக். பெயரையும் எடுத்தாயிற்று. இனிமேல் உங்கள் மனைவி வரவேண்டியதில்லை."

"சரி" என்றேன்.